பழைய சர்வீஸைப் பிரிக்கப் போகிறீர்களா? முதலில் ஓப்பன்டெலிமெட்ரி போடுங்கள்

பத்து வருடப் பழைய ஜாவா அப்ளிகேஷன் ஒன்றைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிக்கும் வேலையில் எட்டு மாதமாக இருக்கிறேன். இதற்காகச் சேர்த்த கருவிகளில் எதை விடவே முடியாது என்று கேட்டால் ஓப்பன்டெலிமெட்ரி என்றுதான் சொல்வேன். ஒரு ரிக்வெஸ்ட் எங்கெங்கே போகிறது, எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பதிவு செய்ய உதவுவது இது; ஓப்பன்டிரேஸிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திட்டங்களும் 2019இல் ஒன்றாகி வந்த ஓப்பன் சோர்ஸ் திட்டம். டேட்டாவை, அதைச் சேமித்துக் காட்டும் கருவிகளான ஜேகருக்கோ டெம்போவுக்கோ எங்கே வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளலாம்.

முதல் நாளே பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் ஜாவா ஏஜென்ட், அதாவது அப்ளிகேஷனோடு சேர்ந்து ஓடித் தானாகவே டேட்டா சேகரிக்கும் துணை நிரல். கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை, ஸ்டார்ட் கமாண்டில் ஏஜென்ட் ஜார் ஃபைலைச் சேர்த்தோம், அவ்வளவுதான். ஆர்டர் பட்டியல் ஏன் மெதுவாக வருகிறது என்று மாதக்கணக்கில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்; டிரேஸை, அதாவது ஒரு ரிக்வெஸ்டின் முழுப் பயணப் பதிவை, திறந்து பார்த்தால் ஒரே ரிக்வெஸ்டுக்குக் கீழே ஒரே மாதிரியான செலக்ட் குவெரிகள், ஆர்டருக்கு ஒன்று வீதம், ஏணிப்படி போல இறங்கிக்கொண்டே போகின்றன. அதைப் பார்க்காமல் அந்த மாட்யூலை அப்படியே தனி சர்வீஸாகப் பிரித்திருந்தால் அத்தனை குவெரியும் நெட்வொர்க் அழைப்புகளாக மாறியிருக்கும்! பிரிக்கும் முன்னே போடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஆனால் எல்லாம் தானாக நடந்துவிடாது. எங்கள் பழைய ஜாப்கள் டேட்டாபேஸ் டேபிள் ஒன்றையே க்யூவாக வைத்து ஓடுபவை, ஏஜென்டைப் பொறுத்தவரை அது வெறும் இன்சர்ட், எனவே அங்கே வந்ததும் டிரேஸ் அறுந்துவிடும். அப்புறம் அந்த டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்து, டிரேஸின் அடையாளத்தைச் சுமக்கும் ட்ரேஸ்பேரன்ட் மதிப்பை அதில் எழுதி, ஜாப் எடுக்கும்போது படித்துக் கோத்தோம்.

ஏஜென்டின் வெர்ஷன் 1இலிருந்து 2க்குப் போகும்போது கவனம். டிஃபால்ட்டாக ஜிஆர்பிசி முறையில் 4317 போர்ட்டுக்குப் போன டேட்டா ஹெச்டிடிபி முறையில் 4318க்கு மாறிவிடும், டேட்டாவோடு வரும் சில அட்ரிபியூட் பெயர்களும் மாறும். பழைய பெயரை நம்பியிருக்கும் டாஷ்போர்டு காலியாகிவிடும், அலர்ட்டும் அடிக்காது, அமைதியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

டிராஃபிக் அதிகமானால் டெயில் சாம்ப்ளிங் வேண்டும், அதாவது டிரேஸ் முடிந்த பிறகு எதைச் சேமிப்பது என்று முடிவு செய்வது: எர்ரர் வந்ததையும் மெதுவாக ஓடியதையும் வைத்துக்கொண்டு மற்றதில் கொஞ்சம் மட்டும் சேமிக்கலாம். டேட்டாவை வாங்கி அனுப்பும் இடைநிலை புரோகிராமான கலெக்டர் ஒன்றுக்கு மேல் ஓடினால், ஒரு டிரேஸின் ஸ்பான்கள் (அதன் தனித்தனிப் படிகள்) எல்லாம் ஒரே கலெக்டருக்குப் போய்ச் சேர வேண்டும், முன்னால் அப்படிப் பிரித்து அனுப்பும் லோட்பேலன்ஸிங் எக்ஸ்போர்ட்டர் வைத்துத்தான் சரிசெய்தோம். டாக்குமென்டேஷனில் இதெல்லாம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது, ஐந்துக்கு நான்கு கொடுப்பது அதனால்தான்.