ரூக்வுட்டா, ரோஸ்வில்லா? ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

இரண்டுமே அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துப் பழைய மட்பாண்டங்கள்தான். ஆனால் விலை மதிப்பிடும் விதம் வேறு.

ரூக்வுட் 1880-ல் சின்சினாட்டியில் தொடங்கியது. அதன் ஜாடி கிடைத்தால் பூவைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பாருங்கள். ஆர், பி இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரை, சுற்றிலும் சின்னத் தீச்சுடர்கள். 1887 முதல் 1900 வரை ஆண்டுக்கு ஒரு சுடர் கூடியது, மொத்தம் 14. அதன்பின் சுடருக்குக் கீழே ரோமன் எண்: ஆறு என்றால் 1906. ஜாதகமே எழுதி வைத்த மாதிரி! அப்புறம் ஓவியரின் குறி. ரூக்வுட்டின் புகழ்பெற்ற ஜப்பானிய ஓவியர் கட்டாரோ ஷிராயமதானி வரைந்தது என்றால் விலை எங்கோ போய்விடும். சாணைச் சக்கரத்தால் கீறிய எக்ஸ் குறி இருந்தால் தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது, விலை இறங்கும்.

1954-ல் மூடப்பட்ட ரோஸ்வில்லின் பிற்காலப் பொருள்கள் அச்சில் வார்த்தவை. ஒரே ஜாடி ஏராளமாக உண்டு. அதனால் எந்த வடிவமைப்பு வரிசை, நிறம், பழுதில்லாத விளிம்பு, இவைதான் விலையைச் சொல்லும். நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் பேரம் படுத்துவிடும். சீனப் போலிகளும் நிறைய. பூவின் வார்ப்பு மழுங்கி, வண்ணம் அப்பியது போல இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

இரண்டுக்கும் ஒன்று பொது: விற்பவர் கேட்கும் விலையை விடுங்கள், ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். புதிதாகச் சேர்ப்பவருக்கு ரோஸ்வில்தான் கையைக் கடிக்காது. எனக்கென்னவோ சுடர் எண்ணுவதில்தான் ருசி.