சொல் வரைபடம்: வகுப்பில் நாலு வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில்

பலகையின் நடுவில் ஒரு சொல்லை எழுதி வட்டம் போட்டு, பொருள், எதிர்ச்சொல், படம், வாக்கியம் என்று கிளை பிரிக்கும் சொல் வரைபடத்தை நாலு வருஷமாக வகுப்பில் பயன்படுத்துகிறேன். முதல் வருஷம் கிட்டத்தட்ட வீண். எல்லா வரைபடத்தையும் நானே கலர் கலராக வரைந்து அச்செடுத்துக் கொடுத்தேன், பிள்ளைகளும் நோட்டில் அழகாக ஒட்டிவைத்தார்கள், அடுத்த வாரம் கேட்டால் பாதிச் சொல் நினைவில் இல்லை.

அப்புறம் நடுச்சொல்லை மட்டும் கொடுத்து மீதியை அவர்களிடமே விட்டேன். 'செய்' என்று எழுதினால் செயல், செய்கை, செய்முறை, செய்தி, செயலி என்று வரிசையாக வந்தது. ஒருவன் 'நன்செய்' என்றான். அந்தச் 'செய்'க்கு வயல் என்று பொருள், அதனால் தனிக் கிளை போட்டோம். அந்தச் சொல்லை அந்த வகுப்பில் யாருமே மறக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, 1969-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஃபிரேயரும் குழுவினரும் உருவாக்கிய நாலு கட்ட முறை. விளக்கம், இயல்புகள், எடுத்துக்காட்டு, நாலாவதாக 'இது அல்ல'. அந்த நாலாவது கட்டத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. 'சிக்கனம்' பாடத்தில் 'கஞ்சத்தனம்' எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று பத்து நிமிஷம் வாதம், கடைசியில் ஒரு பெண் "தேவைக்கே செலவு பண்ணாட்டி கஞ்சம், தேவையில்லாததுக்குப் பண்ணாட்டி சிக்கனம்" என்றாள். அகராதியில்கூட இவ்வளவு தெளிவு கிடைக்காது.

ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். ஆங்கில வகுப்பில் 'பாரோ' (borrow, கடன் வாங்குவது), 'லெண்ட்' (lend, கடன் கொடுப்பது) இரண்டையும் ஒரே படத்தில் புதிதாக அறிமுகப்படுத்தினேன், மாதக்கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். நெருங்கிய பொருளுள்ள புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் கற்பது மெதுவாகிறது என்று 1993-லேயே தாமஸ் டிங்க்கம் தன் ஆய்வில் காட்டியிருக்கிறார், அதை நான் படித்தது பிறகுதான். இப்போது ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே மற்றதைத் தொடுகிறேன்.

நேரம் நிறையப் பிடிக்கும். ஒரு சொல்லுக்கு இருபது நிமிஷம், அதனால் வாரத்துக்கு மூன்று சொல்தான். 'எனினும்', 'ஆகவே' மாதிரிச் சொற்களுக்கு இது சரிவராது, அதற்கு வாக்கியங்கள் போதும். கணினிச் செயலிகளையும் முயன்று பார்த்தேன், நிறம் தேடுவதிலேயே பாடவேளை முடிந்துவிடுகிறது, பென்சிலும் தாளும்தான் நல்லது.

இந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: ஒரு வாரம் கழித்து நோட்டை மூடிவிட்டு வெற்றுத் தாளில் அதே படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்கிறேன். விட்டுப்போன கிளையைப் பிள்ளைகளே சிவப்புப் பேனாவில் சேர்க்கிறார்கள்.