மகளின் முதல் மடக்குக்கத்தி: ஓபினெல் ஏழாம் எண்

பத்து வயது நிறைந்த என் மகளுக்கு மடக்குக்கத்தி ஒன்று வாங்கித் தருவதென்று முடிவானபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் குழந்தைகளுக்கென்றே செய்யும் மொட்டை முனைப் பேனாக்கத்தி. மற்றொன்று, பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தொடங்கிய ஓபினெல் நிறுவனம் தன்னுடைய ஏழாம் எண் கத்தியின் முனையை வட்டமாக்கிச் சிறுவர்களுக்காகத் தரும் வகை. இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓபினெலை வாங்கினோம். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதனோடு கழிந்துவிட்டன.

விக்டோரினாக்ஸ் நல்ல கத்தி. நான் கல்லூரிக் காலத்திலிருந்து வைத்திருப்பதும் அதன் பெரியவர் வகைதான். ஆனால் சிறுவர் வகையில் திறந்த அலகைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் வில் மட்டுமே, பூட்டு கிடையாது. குச்சியைச் சீவும்போது அலகு மரத்தில் சிக்கிக்கொண்டால் அதை அசைத்து அசைத்து இழுப்பதுதான் குழந்தைகளின் இயல்பு; அப்போது அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல்மேல் மடங்கிவிடும். அதோடு, டின் திறப்பான், திருப்புளி என்று பல கருவிகள் கூடவே வருவதால், கத்தியைப் பழகுவதற்குப் பதிலாக ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பதிலேயே பிள்ளையின் கவனம் போய்விடுகிறது.

ஓபினெலில் இருப்பது ஓர் அலகு, ஒரு மரப்பிடி, இரண்டும் சேரும் கழுத்தில் ஓர் எஃகு வளையம். அந்த வளையத்தை 1955இல் மார்செல் ஓபினெல் வடிவமைத்தார். விரோப்ளாக் என்பது அதன் பெயர். வளையத்தில் ஒரு பிளவு உண்டு. பிளவு அலகுக்கு நேராக இருக்கும்போது கத்தி மடங்கும். வளையத்தைச் சற்றே திருப்பிவிட்டால் அலகின் வழி அடைபட்டு, எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. மடக்கிய நிலையிலும் அதே வளையத்தால் பூட்டலாம் என்பதால், பைக்குள் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற கவலை இல்லை. புதிதில் வளையம் மிக இறுக்கமாக இருந்தது; மகளின் கட்டைவிரலுக்கு அது வசப்பட ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தை நான் குறையாகக் கருதவில்லை. வளையத்தைப் பிறர் உதவியின்றித் திருப்ப முடியாத கைக்கு இந்தக் கத்தியை இன்னும் தரக்கூடாது என்பதே என் கருத்து.

எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அலகு மெல்லியது, துருப்பிடிக்காத எஃகால் ஆனது, பெட்டியிலிருந்து எடுத்தபோதே நல்ல கூர்மையுடன் இருந்தது. என் தாயார் இதைக் கண்டு திகைத்தார். எட்டு வயதில் அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து மாங்காய் நறுக்கப் பழகியவர் அவர் என்பதை நினைவூட்டிய பிறகே அமைதியானார். பிறகு அவரே ஒரு விதியையும் சேர்த்தார்: கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை வரும் என்பது அவர் சொல்லும் காரணம். எனக்குக் காரணம் எதுவானாலும் விதி உகந்தது.

கோடையில் இதன் முதல் பெரிய வேலை நுங்கு வண்டி. தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடுகளைக் கோக்கும் அச்சுக்கு வேப்பங்குச்சியை இரு முனையிலும் கூராகச் சீவ வேண்டும். வட்ட முனையால் கூட்டில் துளையிட முடியாதுதான். ஆனால் சீவிய குச்சியே துளைத்துக்கொண்டு போய்விட்டது. சீவும்போது அலகு எப்போதும் உடலைவிட்டு வெளிநோக்கியே ஓட வேண்டும் என்பதை இருபது குச்சிகளில் அவள் கற்றுக்கொண்டாள். இருபத்தோராவது குச்சியில் இடது விரலில் மெல்லிய கீறல் ஒன்று, அதுவும் பேச்சு மும்முரத்தில்.

உண்மையான குறை மழைக்காலத்தில் தெரிந்தது. பிடி பீச் மரம். ஈரத்தை உறிஞ்சி உப்பி, அலகை இறுகப் பிடித்துக்கொள்கிறது. நவம்பரில் ஒரு நாள் எவ்வளவு இழுத்தும் அலகு வெளிவரவில்லை. பிடியின் அடிப்பாகத்தை மேசையில் தட்டி அலகை வெளியே வரவைக்கும் தந்திரம் ஒன்று சவோய்க்காரர்களிடம் உண்டு, அது பலித்தது. ஆனால் நகம் ஒடிய இழுத்துப் பார்க்கும் குழந்தைக்கு இது ஆபத்தான கணம், ஆகவே இறுகினால் என்னிடம் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்ததில் ஓரளவு தளர்ந்தது. தண்ணீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கிறது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இந்தத் தொல்லையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

வாங்கும்போது அலகில் ஓபினெலின் அடையாளமான முடிசூடிய கை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிப் பைக்குள் இது போகக் கூடாது. விமானத்தில் கைப்பையிலும் வைக்க முடியாது.

மகள் இப்போது எட்டாம் எண்ணைக் கேட்கிறாள். அதன் அலகு அரை சென்டிமீட்டர்தான் நீளம் கூடுதல், ஆனால் முனை கூரானது. அடுத்த நுங்குக் காலம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.