ஊரில் எடுத்த கல்லீரல் ஸ்கேன்: ரிப்போர்ட்டில் கேட்டு வாங்க வேண்டிய எண்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உடல் பரிசோதனையையும் அங்கேயே முடித்துவிடுவது வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு வழக்கம். இந்த முறை அக்காவும் நானும் சேர்ந்து போனோம். அல்ட்ராசவுண்டில் அக்காவுக்கு 'கிரேடு 1 கொழுப்பு' என்று வந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது. லேசான கொழுப்பு, அதாவது 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பது, அல்ட்ராசவுண்டில் தப்பிவிடலாம் என்று சொல்லி டாக்டர் இருவருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதினார்.

பதிவு செய்யும்போதே 'பி.டி.எஃப்.எஃப். எடுப்பீர்களா?' என்று கேளுங்கள். கொழுப்பின் அளவைச் சதவீதமாகத் தரும் முறை அது. சாதாரண வயிற்று எம்.ஆர்.ஐ.யில் அது தானாக வராது. முன்மேசையில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே டெக்னீஷியனைக் கேட்டு உறுதி செய்தார்.

தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ளதும் காந்தப்புலத்தில் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அலகு) மெஷினில் நொடிக்குச் சுமார் 220 சுற்று வித்தியாசம். அதனால் இரண்டின் சிக்னலும் ஒரு கணம் சேரும், அடுத்த கணம் ஒன்றையொன்று குறைக்கும். இப்படிப் பல எக்கோக்களை, அதாவது திரும்பி வரும் சிக்னல்களை, அடுத்தடுத்த கணங்களில் எடுத்து, கல்லீரலில் இரும்பு இருந்தால் அதன் பாதிப்பையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. "மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்க சார்" என்றார்கள். ஒரு மூச்சில் முடிந்தது.

அக்காவுக்கு எலாஸ்டோகிராபியும், அதாவது கல்லீரலின் விறைப்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. சோதனையும், செய்தார்கள். வலது விலாவின் கீழ் வட்டத் தட்டு ஒன்றைப் பெல்ட்டால் கட்டினார்கள். அது நொடிக்கு 60 முறை அதிரும். தழும்பேறி இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும். விறைப்பு கிலோபாஸ்கலில் வரும். இதற்கு வெறும் வயிறு அவசியம், சாப்பிட்டால் அளவு கூடிவிடும். கொழுப்பைவிட இந்த எண்தான் எனக்குக் கவலையாக இருந்தது. நல்லவேளை, இயல்பாகவே வந்தது.

சேவையில் ஒரு குறை. முதலில் கைக்கு வந்த ரிப்போர்ட்டில் 'கொழுப்புப் படிவு உள்ளது' என்று மட்டும் இருந்தது. கேட்டதும் ரேடியாலஜிஸ்ட் மறுபடி அளந்து எழுதிக் கொடுத்தார்: அக்காவுக்கு 14 சதவீதம், எனக்கு 9. ஐந்தைத் தாண்டினாலே கொழுப்புக் கல்லீரல்தான்.

படங்களை சி.டி.யிலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஸ்கேனில் இப்போதைய அளவிலிருந்து 30 சதவீதமாவது குறைந்தால் நல்ல முன்னேற்றம் என்றார் டாக்டர். அக்காவுக்கு அது பத்துக்குக் கீழே.