இலேசான கிம்பல் ஹெட் வாங்குவோர் கவனத்திற்கு: 10 கிலோ தாங்கும் என்றார்கள், 3 கிலோவைக் கீழே விட்டது

நீண்ட டெலிஃபோட்டோ லென்ஸுக்கு எடை குறைந்த கிம்பல் ஹெட் (முக்காலியின் மேல் மாட்டி, கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் கருவி) தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை ஒரு முறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். '680 கிராம் எடை, 10 கிலோ தாங்குதிறன், கார்பன் ஃபைபர் கை' என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 3 கிலோவைத் தாண்டாத என் கருவியை, பத்தொன்பதாம் நாள் காலையில் அது கைவிட்டுவிட்டது. விற்றவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே பொருள் இதே படத்தோடு வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதைப் பின்னர் கண்டேன். ஆகவே பெயரைவிடப் பொருளின் அடையாளங்களைச் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என்னிடம் இருப்பது 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், அதன் எடை மட்டும் ஏறத்தாழ 2 கிலோ. இத்தகைய லென்ஸைப் பால் ஹெட்டில் (ஒரு பந்தின் மேல் எல்லாப் பக்கமும் சாயும் முக்காலித் தலை) வைத்துப் பறக்கும் பறவையைத் தொடர முயன்றவர்களுக்கு அந்த அவதி தெரியும். மொத்த எடையும் பந்துக்கு மேலே நிற்பதால், சற்றே தளர்த்தினால் லென்ஸ் ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும். இறுக்கினால் அசைக்கவே முடியாது. கிம்பல் ஹெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. இடவலமாகச் சுழலும் அச்சும் மேல்கீழாகச் சாயும் அச்சும் சந்திக்கும் இடத்தில் கருவியின் ஈர்ப்பு மையம் வந்து அமர்ந்துவிடுவதால், எந்தக் கோணத்தில் விட்டாலும் லென்ஸ் அப்படியே நிற்கும், ஒரு விரலால் தள்ளினால் நகரும். திருகிப் பூட்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

இதில் இரண்டு வகைகள் உண்டு. முழு கிம்பலில், ஊஞ்சல் போலத் தொங்கும் கையின் அடியில் ஒரு மேடை இருக்கும்; லென்ஸின் பாதம் (முக்காலியில் மாட்டுவதற்காக லென்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) அதன் மேல் உட்காரும். பக்கவாட்டு கிம்பலில் அந்த மேடை இல்லை. பாதம் இணைந்திருக்கும் வளையமான லென்ஸின் காலரைத் திருப்பி, பாதத்தைப் பக்கவாட்டில் நிற்கும் கிளாம்பில் (இரு தாடைகளால் கவ்விப் பிடிக்கும் பூட்டு) மாட்ட வேண்டும். மேடை இல்லாததால் எடை கணிசமாகக் குறைகிறது. பலரும் அளவுகோலாகக் கொள்ளும் விம்பர்லி நிறுவனத்தின் முழு கிம்பல் சுமார் 1.4 கிலோ, அதே நிறுவனம் பால் ஹெட்டின் மேல் பொருத்துவதற்காகச் செய்யும் பக்கவாட்டு இணைப்பான சைட்கிக் சுமார் 600 கிராம்தான். எனவே எடை குறைவாக இருப்பதே மோசடிக்கு அடையாளம் என்று நான் சொல்ல வரவில்லை. எடையை எங்கிருந்து குறைத்தார்கள் என்பதுதான் கேள்வி, அதை நான் கேட்கவில்லை. மணிக்கணக்கில் நடந்து செல்ல வேண்டியிருந்த காரணத்தால், 680 என்ற எண்ணைப் பார்த்ததுமே மனம் அங்கேயே நின்றுவிட்டது.

பெட்டி வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 912 கிராம். கேட்டதற்கு, விளம்பரத்தில் உள்ள எடை 'கிளாம்பும் குமிழ்களும் இல்லாமல்' என்று பதில் வந்தது. கிளாம்பும் குமிழ்களும் இல்லாத கிம்பல் ஹெட்டை யார், எதற்காகச் சுமப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். 230 கிராமுக்காக வம்பு வளர்ப்பானேன் என்று விட்டுவிட்டேன். அங்கேயே திருப்பி அனுப்பியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

கார்பன் ஃபைபர் விவகாரம் இதைவிட மோசம். வளைந்த கையில், அடித்தட்டுடன் இணையும் போல்ட்டுக்கு அருகே, பின்னல் கோலம் போட்ட பரப்பின் ஓரம் நகக்கணு அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் நெருடினேன். கோலம் ஒரு மெல்லிய படலமாக உரிந்து வந்தது. உள்ளே இருந்தது சாம்பல் நிறத்தில், சிறு துளைகள் தெரியும் வார்ப்பு உலோகம். உண்மையான கார்பன் கை கொண்ட கிம்பல்களிலும் மூட்டுகளும் கிளாம்பும் உலோகத்தால்தான் செய்யப்படுகின்றன, அதில் தவறில்லை. ஆனால் இங்கே கார்பன் என்பது ஒட்டப்பட்ட படம் மட்டுமே.

'பேரிங் பொருத்தப்பட்ட சுழற்சி' என்றும் எழுதியிருந்தார்கள். இடவலமாகத் திருப்பும்போது, நகராமல் அடம்பிடித்து, பின்பு திடீரென்று துள்ளி நகர்ந்தது. இறுக்கத்தைக் குறைத்தால் துள்ளல் நின்றது. அதற்குப் பதிலாக அச்சு முழுவதும் ஆட்டம் கண்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு நைலான் வாஷர்களும், அவற்றைச் சுற்றித் தாராளமாகப் பூசிய கிரீஸும் இருந்தன. நன்றாகக் கடைந்த நைலான் வளையமே சில ஹெட்களில் நேர்த்தியாக வேலை செய்யும். பேரிங் இல்லை என்பதைவிட, இருக்கிறது என்று சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

இனி அந்த 10 கிலோ. தாங்குதிறன் என்று பெட்டியில் அச்சிடப்படும் எண்ணுக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் கட்டுப்பட்ட ஒரே சோதனை முறை கிடையாது. உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பதை ஒருவர் எழுதலாம். நடுங்காமல் எவ்வளவு தாங்கும் என்பதை இன்னொருவர் எழுதலாம். இரண்டும் வேறு வேறு. 600 மி.மீ. லென்ஸில் முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவின் மூலைவிட்டப் பார்வைக் கோணம் 4 பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஹெட்டின் கை ஒரு மயிரிழை வளைந்தாலும் படத்தில் அது பூதாகாரமாகத் தெரியும். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தொலைவில் உள்ள ஒரு கம்பத்தின் மேல் குவியம் செய்து, திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, லென்ஸிலும் கேமராவிலும் உள்ள அதிர்வுக் குறைப்பை அணைத்துவிட்டு, ஹூட்டின் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்சத் தடுப்பு) மேல் விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். படம் அசைவற்று நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். நண்பர் ஒருவரின் பழைய, கனமான முழு கிம்பலை அதே முக்காலியில் மாட்டிப் பார்த்தபோது ஒன்று எண்ணி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. என்னுடையதில் ஐந்து வரை எண்ண வேண்டியிருந்தது. நொடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். விடியலின் மங்கிய வெளிச்சத்தில் 60-இல் ஒரு பங்கில் எடுப்பவர்களுக்கு ஒரு படம்கூடத் தேறாது.

இந்தச் சோதனையை நான் பொருள் வந்த அன்று செய்யவில்லை. திருப்பி அனுப்பும் காலம் 14 நாள். பெட்டியைத் திறந்து எடை போட்டுப் பார்த்துவிட்டு, 12 நாள் அலமாரியில் வைத்திருந்தேன். பணம் திரும்பக் கிடைக்காமல் போனதில் என் பங்கு இது.

விபத்துக்குக் காரணம் கிளாம்ப். லென்ஸின் பாதத்தில் திருகி, கிளாம்பில் செருகும் ஆர்க்கா வகை பிளேட்டுகள் ஏறத்தாழ 38 மி.மீ. அகலம் கொண்டவை என்றாலும், எல்லாரும் துல்லியமாக ஒரே அளவில் கடைவதில்லை. திருகி இறுக்கும் கிளாம்ப் இந்தச் சிறு வேறுபாட்டை விழுங்கிவிடும். லீவரைச் சாய்த்துப் பூட்டும் கிளாம்ப், இறுக்கத்தைச் சரிசெய்ய வழியில்லாததாக இருந்தால், அப்படி விழுங்காது. எனக்கு வந்தது அத்தகைய லீவர். 'டக்' என்ற ஓசையோடு பூட்டிக்கொண்டது. ஆனால் பிளேட்டை விரலால் அசைத்தால் லேசாக ஆடியது. இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பிளேட் வழுக்கி வெளியேறாமல் தடுக்க அதன் இரு முனைகளிலும் அடியில் சிறு தடுப்புத் திருகுகள் இருக்கும். அவை உள்ளே நகர்வதற்கான பள்ளம் இந்தக் கிளாம்பில் வெட்டப்படவே இல்லை. திருகுகளோடு பிளேட் உட்காராது. ஆகவே அவற்றைக் கழற்றினேன். ஆட்டத்தைப் போக்க, ஒரு காகிதத்தை நான்காக மடித்து இடுக்கில் செருகினேன். இதைச் செய்தவன் நான்தான், மறைக்கவில்லை.

அன்று காலை ஏரிக்கரையில் நல்ல பனி. நாரை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவரை லென்ஸ் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருந்தது, எல்லாம் சரியாகவே நடந்தது. தலைக்கு மேல் பருந்து ஒன்று வட்டமிட, லென்ஸை வேகமாக மேலே உயர்த்தினேன். செங்குத்தை நெருங்கியதும் கையில் ஒரு வழுக்கலை உணர்ந்தேன். கேமராவின் எடை பிளேட்டைப் பின்னோக்கி இழுக்க, அது கிளாம்பின் வாயிலிருந்து அப்படியே சறுக்கி இறங்கியது. கைப்பிடியில் என் வலக்கை இருந்ததால் கேமரா தப்பியது. லென்ஸின் முன்பகுதி சுழன்று வந்து முக்காலியின் காலில் மோதியது. ஹூட் இரண்டாகப் பிளந்தது. வடிகட்டி மாட்டும் மரை ஓரிடத்தில் உள்ளே நசுங்கியது. கிளாம்பில் மிச்சமிருந்தது, பனியில் ஊறிக் கூழான அந்தக் காகிதம்தான்.

முழு கிம்பலாக இருந்திருந்தால், லீவர் தளர்ந்த நிலையிலும் லென்ஸ் மேடையின் மேல் கிடக்கும். கிடைமட்டத்தில் இருக்கும் வரையிலாவது நம் கை போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். பக்கவாட்டு வகையில் அந்த அவகாசம் இல்லை. கிளாம்பின் இரண்டு தாடைகளை நம்பியே முழு எடையும் தொங்குகிறது. எனவே பக்கவாட்டு கிம்பல்தான் வேண்டும் என்பவர்கள், திருகி இறுக்கும் கிளாம்ப் உள்ளதாக, தடுப்புத் திருகுகளைக் கழற்றாமலே உங்கள் பிளேட் உள்ளே போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். முடிந்தால் லென்ஸின் காலரையும் ஹெட்டையும் இணைத்து ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

வாங்கிய அன்றே சமநிலையையும் சோதித்துவிடுங்கள். ஜூமை நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நீளத்தில் வையுங்கள். முன்னால் நீளும் வகை லென்ஸில் 150-இல் பார்த்த சமநிலை 600-இல் நிற்காது. பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, பூட்டாமலே லென்ஸ் கிடைமட்டத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பிறகு 45 பாகை உயர்த்திக் கையை எடுங்கள். தானாகக் கிடைமட்டத்துக்குத் திரும்பினால் லென்ஸ் அச்சுக்குக் கீழே இருக்கிறது; மேலும் கவிழ்ந்தால் அச்சுக்கு மேலே இருக்கிறது. முழு கிம்பலில் மேடையை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்துகொள்ளலாம். ஏற்றி இறக்க முடியாதபடி மேடையை ஹெட்டின் கையோடு சேர்த்தே வார்த்துவிட்டு 'இலேசு' என்று விற்கும் முழு கிம்பல்களையும் பார்க்கிறேன், ஒதுங்கியே இருங்கள்.

அடித்தட்டின் மரையையும் பாருங்கள். கனமான ஹெட்டுக்கு உரியது 3/8 அங்குல மரை. எனக்கு வந்ததில் 1/4 அங்குலமாக மாற்றும் உறை ஒன்று செருகப்பட்டு, அதுவே தளர்ந்திருந்தது. இடப்பக்கமாக வேகமாகத் திருப்பும்போது ஹெட் முழுவதும் முக்காலியிலிருந்து கழன்றுகொண்டே வந்தது.

விற்றவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது, மிகுந்த மரியாதையோடு: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், காணொளி அனுப்பி உதவுங்கள்." அனுப்பினேன். இரண்டாவது பதில் நான்கு நாள் கழித்து: பிளேட் அவர்களுடையது அன்று, எனவே பொறுப்பும் அவர்களுடையது அன்று. பெட்டியோடு வந்த அவர்களுடைய பிளேட் என் விரல் நீளம்தான் இருந்தது, 600 மி.மீ. லென்ஸைச் சமநிலைப்படுத்த அது போதவே போதாது என்று எழுதினேன். மூன்றாவது பதிலில், நான் நேர்மையாக அனுப்பிவைத்த படத்திலிருந்தே ஈரக் காகிதத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டி, 'தவறான பயன்பாடு' என்று முடித்துவிட்டார்கள்.

உரிந்த கார்பன் படலத்தின் படத்தோடு விற்பனைப் பக்கத்தில் விமர்சனம் எழுதிய பிறகுதான் குரல் மாறியது. அதை நீக்கினால் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தனியாக எழுதினார்கள். நான் நீக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கமே காணாமல் போயிற்று, விமர்சனமும் அதோடு போயிற்று. நேற்று அதே ஹெட், அதே படத்தில், புதிய பெயரோடு திரும்பவும் கண்ணில் பட்டது. எடை இப்போதும் 680 கிராம். தாங்குதிறன் மட்டும் 15 கிலோவாக உயர்ந்திருக்கிறது.