கேம்ப் குளோவா, சிஐஎஸ்வி கிராமமா?

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கான முகாமில் தன்னார்வலராகப் பணியாற்ற விரும்புவோருக்கு இவை இரு வழிகள். 1995-இல் ருமேனியாவில், தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரின் தன்னார்வலர்கள் உள்ளூர் ஆசிரியர்களுடன் இணைந்து தொடங்கிய கேம்ப் குளோ, பெண் பிள்ளைகளுக்கான தலைமைப்பண்பு முகாம். அது வழக்கமாக ஒரு வாரமே நடந்தாலும், நடத்தும் தன்னார்வலர் ஏறத்தாழ 27 மாதங்கள் தாம் பணியாற்றும் நாட்டிலேயே தங்கி, மொழியும் பயின்றிருப்பதால், உடல்நலம், தன்னம்பிக்கை, எதிர்கால இலக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது அப்பிள்ளைகளின் வீட்டுச் சூழலை அறிந்தே பேசுகிறார். முகாமுக்குப் பின்னும் பள்ளி மன்றங்கள் வழியாக அவர்களோடு தொடர்ந்து பணியாற்ற முடிகிறது. என் கணிப்பில் இதன் உண்மையான வலிமை இத்தொடர்ச்சியே, பாடத்திட்டம் இரண்டாம்பட்சம்தான்.

உளவியலாளர் டோரிஸ் ஆலன் முன்னெடுத்து, 1951-இல் சின்சினாட்டியில் முதல் முகாமைக் கண்ட, பல நாட்டுப் பிள்ளைகளை ஒன்றுகூட்டும் அமைப்பான சிஐஎஸ்வி வேறு வகை. ‘கிராமம்’ எனப்படும் அதன் முகாமில் தன்னார்வத் தலைவர் தம் நாட்டின் பதினொரு வயதுப் பிள்ளைகள் நால்வரை அழைத்துச் சென்று, பல நாட்டுக் குழுக்களுடன் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வாழ்கிறார். விளையாட்டும் உரையாடலுமே அங்கு கற்பிக்கும் முறை. உள்ளூர்ச் சமூகத்தோடு ஆழ்ந்த உறவு இதில் அமைவது அரிது. ஆனால் வேலையைத் துறக்காமல், நீண்ட விடுப்பிலேயே சென்றுவர இயலும். பீஸ் கோரில் சேர அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம் என்பதால், பிறருக்கு இரண்டாவது வழியே நடைமுறைக்கு உகந்தது.