வாளும் வாயும்: மேடைச் சண்டையில் எவ்வளவு கதைக்கலாம்?

போன வருடம் எங்கள் ஊர்ப் பெடியளை வைத்து, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நாடகத்தைக் கோவில் பொங்கலுக்கு மேடையேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. வன்னியில் இது புதிய நாடகம் இல்லை, கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன், அதே வருடம் ஒக்ரோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வெள்ளைக்காரரின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். அவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் சொல்லும் காக்கை வன்னியனையும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு இழுபறி வந்தது ஒரே ஓர் இடத்தில்தான். கடைசிச் சண்டையில் ஆட்கள் கதைக்கலாமா? கதைத்தால் எவ்வளவு?

பெடியள் ஒரு பக்கம், பழைய கூத்துக்காரர் ஒரு பக்கம், நான் நடுவில். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, வாயால் தர்க்கிப்பதை விட ஆடிப் பார்ப்போம் என்று ஒத்திகையில் நான்கு விதமாகவும் ஆடிப் பார்த்தோம். கடைசியில் நான் கூத்துத் தர்க்கத்தின் பக்கம்தான், அதாவது இரண்டு பேர் பாட்டால் மாறி மாறி வாதாடுகிற கூத்து முறையின் பக்கம்தான் நின்றேன், இப்போதும் அங்கேதான் நிற்கிறேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாய் திறக்காத சண்டை. பெடியள் கேட்டது இதைத்தான். மத்தளமோ பதிவு செய்த இசையோ பின்னால் போக, இரண்டு பேர் வாள் சுழற்ற வேண்டும், அவ்வளவுதான். பாடமாக்க வேலை இல்லை, பார்க்கவும் வேகமாக இருக்கும். ஆனால் படத்தில் கமரா வீரனின் கண்ணுக்குக் கிட்டப் போகிறது, வெட்டு விழுகிற இடத்தைக் காட்டுகிறது. கோவில் வீதியில் மணலில் பாய் விரித்து இருக்கிற சனத்துக்கு அந்தக் கண் கிடையாது. பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது இரண்டு உடுப்பும் இரண்டு மரவாளும்தான். முதல் அரை நிமிடம் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நிமிடம் தாண்ட, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல இல்லை.

இரண்டாவது, வாளைச் சுழற்றிக்கொண்டே வசனம் பேசுவது. என் கொப்பியில் நான் முதலில் எழுதியிருந்தது இதுதான். எழுதும்போது நல்லாயிருந்தது. பண்டாரவன்னியன் ஒரு வெட்டு வெட்டுவான், மண்ணைப் பற்றி நாலு வரி சொல்வான், அடுத்த வெட்டு, இன்னும் நாலு வரி. ஒத்திகையில் அந்தப் பாத்திரத்துக்கு வந்த தம்பி நன்றாகப் பந்தடிக்கிற பிள்ளை, மூச்சுப் பலம் உள்ளவன். மூன்றாவது வெட்டோடு நின்றுவிட்டான்.

“அண்ணை, வாயைத் திறந்தால் காத்துத்தான் வருது, சொல்லு வருதில்லை.”

அவனில் பிழை இல்லை. கதைப்பது என்பது வெளியே விடும் மூச்சில் நடக்கிற வேலை. ஒரு நீண்ட வசனத்துக்கு மூச்சை மெல்ல மெல்ல, கணக்காக விட வேண்டும். உடம்பு முழுவதையும் போட்டு வாள் வீசும்போது நெஞ்சு வேகமாக இழுத்து வேகமாக விடச் சொல்கிறது. இரண்டு வேலைக்கும் ஒரே மூச்சுத்தான் இருக்கிறது. நான் கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். அரை நிமிடம் உண்மையாகச் சுழற்றிய பிறகு அந்தப் பிள்ளையால் ஒரே மூச்சில் ஆறு ஏழு சொல்லுக்கு மேல் சொல்ல முடியவில்லை. “டேய்”, “வாடா”, “விடமாட்டேன்” எல்லாம் வரும். “என் பாட்டன் பூட்டன் வெட்டிய குளத்து நீரைக் குடித்து வளர்ந்த நீ” என்று தொடங்குகிற வரி நடுவில் அறுந்துவிடும். பொங்கல் இரவில் இதற்கு மேல் கிரீடமும் கனத்த உடுப்பும் வரும், மேடை விளக்கின் சூடும் வரும்.

அப்புறம் என்ன செய்தோம்? எல்லா நாடகக்காரரும் செய்கிறதைத்தான் செய்தோம். வசனத்தைக் காப்பாற்ற வாள்வீச்சை மெதுவாக்கினோம். மெதுவாக்கியதும் சண்டை சண்டையாக இல்லை, இரண்டு பேர் தடியால் வேலி தட்டுவது போல இருந்தது. வேகத்தைக் கூட்டினால் சொல் போகும், சொல்லைக் கூட்டினால் வேகம் போகும். இரண்டு கிழமை இதோடு மல்லுக்கட்டினோம். அந்த இரண்டு கிழமையில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சண்டையில் கதைப்பது இயல்பா செயற்கையா என்பது அடுத்த கேள்வி. யாருடைய மூச்சில் கதைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பழைய காவியங்களும் வேறு மாதிரித் தெரிகின்றன. கம்பனில் வாலி நெஞ்சில் அம்போடு கிடந்து இராமனிடம் எவ்வளவு நேரம் நியாயம் கேட்கிறான்! ஒரு பாட்டு இரண்டு பாட்டு இல்லை. ஏட்டில் அது நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் ஏட்டுக்கு மூச்சு வாங்காது. படிக்கிறவர் தன் மூச்சைக் கொடுத்துப் படிக்கிறார். அதே வாலியை மேடையில் கிடத்தி அத்தனை பாட்டையும் அவனையே பாடவிட்டால் சனம் அம்பை மறந்துவிடும். ஆனால் கம்பனுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முதற்போரில் அனுமனும் இராவணனும் மோதுகிற இடத்தில் ஆளுக்கொரு குத்து என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு குத்துக்கு முன்னும் பின்னும் வருகிறது, குத்தோடு சேர்ந்து வருவதில்லை.

மூன்றாவது வழியை இளம் பெடியள்தான் கொண்டுவந்தார்கள். கைபேசியில் அவர்கள் பார்க்கிற ஜப்பானியக் கார்ட்டூன்களில் சண்டை நடுவில் வீரன் உறைந்து நிற்பான், அவன் மனசில் ஓடுவது குரலாகக் கேட்கும். எதிரி எப்படி அடிப்பான், நான் எங்கே போக வேண்டும், செத்துப்போன என் குரு என்ன சொன்னார் என்று ஒரு வெட்டுக்குள் ஐந்து நிமிடம் போகும். எனக்கு இந்த முறையில் மரியாதை இருக்கிறது. மூச்சுப் பிரச்சினையை அது ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது, வாயே அசைய வேண்டாம். குரலை முன்கூட்டியே பதிவு செய்து போட்டுப் பார்த்தோம். ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, ஜெனரேட்டர் ஒரு தடவை தடுமாறியதும் குரல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகிவிட்டார்கள். இரண்டாவதுதான் பெரியது. மனக்குரல் தனக்குத்தானே கதைக்கிறது, எதிரில் நிற்கிறவனுக்கு அது கேட்காது. காக்கை வன்னியன் எதிரே நிற்க, பண்டாரவன்னியன் தன் மனசோடு கதைத்துக்கொண்டிருந்தால் காக்கை எதற்கு அங்கே நிற்கிறான்? ஒரே ஒரு தடவை செய்து பார்த்ததை வைத்து இந்த முறையே மேடைக்கு ஆகாது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நல்ல கருவியும் பழக்கமும் உள்ளவர்கள் செய்தால் வேறு மாதிரி வரலாம்.

இனிக் கூத்துத் தர்க்கம். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடிப் பழகிய ஓர் அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்குகிறவரிடம் போய் என் வேலி தட்டுகிற கதையைச் சொன்னேன். அவர் என் கொப்பியைப் பார்க்கவே இல்லை. “பிற்பாட்டுக்கு எத்தனை பேர் வைச்சிருக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். நான் ஒருவரும் இல்லை என்றேன். “அப்ப உன்ரை பெடியன் எப்ப மூச்சு விடுறது?” என்றார்.

அந்தக் கேள்விக்குள் முழு விடையும் இருந்தது. தர்க்கத்தில் வீரன் ஒரு தருவை, அதாவது ஒரு கூத்துப் பாட்டைப் பாடுவான். பாடும்போது கால் தாளத்துக்கு மிதிக்கும், வாள் தோளில் இருக்கும், சுழலாது. அவன் கடைசி வரியை விட்டதும் பிற்பாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் திருப்பிப் படிக்கிற அந்த நேரத்தில் மத்தளம் ஏறும், இரண்டு பேரும் வெட்டிச் சுழன்று ஆடுவார்கள். ஆடி முடிகிற இடத்தில் பாட்டும் முடியும். இப்போது மற்றவன் முறை. அவன் அதே மெட்டில் பதில் சொல்வான், முதலாமவன் அந்த நேரம் நின்று இளைப்பாறுவான். பாடுகிறவன் வெட்டுவதில்லை, வெட்டுகிறவன் பாடுவதில்லை. பார்க்கிற சனத்துக்கோ பாட்டும் வெட்டும் ஒன்றாக நடப்பதாகவே படுகிறது, ஏனென்றால் காதில் சொல் நிற்காமல் கேட்கிறது, கண்ணில் வாள் நிற்காமல் தெரிகிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வரி இரண்டாம் தரம் வருவதால் முதல் தரம் தவறவிட்டவருக்கும் விளங்கும். கச்சான் வாங்கப் போனவர் திரும்பி வந்தாலும் சண்டை எதற்கென்று பிடித்துக்கொள்வார். மைக்கும் பிற்பாட்டுக்காரருக்கு முன்னால் ஒன்று, மேடை நடுவில் தொங்குவது ஒன்று என்று இரண்டு போதும். ஓடுகிறவன் நெஞ்சில் கொழுவ வேண்டியதில்லை.

செலவு இல்லாமல் இல்லை. எட்டுத் தரு பாட எங்களுக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் போனது. பிற்பாட்டுக்கு நாலு பேரைத் தேடிப் பிடித்து அவர்களையும் ஒன்றரை மாதம் பழக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற வயதுப் பெடியளை வைத்து இதைச் செய்வது சுலபமில்லை, ஒருவன் நடுவில் போயே விட்டான். வாய் திறக்காத சண்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பது உண்மை.

மூச்சைத் தாண்டி ஒரு கேள்வி வந்தது, அதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒத்திகை பார்க்க வந்திருந்த ஓர் அம்மா எழும்பிக் கேட்டா: “தம்பி, சண்டைக்குள்ள ஆர் உவ்வளவு கதைச்சது? எங்களுக்கு ஓடத்தானே தெரிஞ்சது.”

வன்னியில் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. 2009க்கு முன் பிறந்து இங்கே வளர்ந்தவர்களுக்குச் சண்டை எப்படி இருக்கும் என்று நாடகம் காட்டித் தெரிய வேண்டியதில்லை. உண்மையான சண்டையில் சொல்லுக்கு இடமில்லை என்று அவ சொன்னது சரி. இரண்டு இரவு யோசித்தேன். பிறகு அவவிடம் போய், சண்டை நடந்தபடி காட்டத் தர்க்கம் வைக்கவில்லை என்று சொன்னேன். நடந்தபோது நின்று கேட்க முடியாமல் போனதை நின்று கேட்கத்தான் வைத்திருக்கிறேன். காட்டிக்கொடுத்தவனை மறித்து “ஏன்ரா செய்தாய்?” என்று கேட்க வேண்டும், அவனும் பதில் சொல்ல வேண்டும், அது முடியும் மட்டும் வாள் காத்திருக்க வேண்டும். அவ ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் இரவில் முன்வரிசையில் இருந்து முழுவதும் பார்த்தா. முடிந்த பிறகு என்னிடம் வந்து சொன்னது இதுதான்: “காக்கை சொன்னதிலையும் பாதி நியாயம் கிடக்கு.” வாய் திறக்காத சண்டையில் காக்கை வன்னியன் வெறும் துரோகியாகச் செத்திருப்பான்.

இதனால்தான் டிறிபேர்க்கோடு வருகிற சண்டையில் ஒரு சொல்லும் வைக்கவில்லை. அவன் எந்த மொழியில் கதைப்பான் என்ற சிக்கல் ஒன்று. அதை விட, அவனுக்கும் பண்டாரவன்னியனுக்கும் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு எதுவும் இல்லை, அவன் உத்தரவோடு வந்தவன். கும்பகருணன் போர்க்களத்தின் நடுவே நின்று அவ்வளவு நேரம் கதைப்பது தன் தம்பி வீடணனோடுதான். வழியில் வந்த வானரத்தோடு இல்லை. எங்கள் மேடையில் காக்கையோடு ஏழு நிமிடத் தர்க்கம், உடனே பின்னால் டிறிபேர்க்கோடு ஒரு நிமிடச் சண்டை, மத்தளம் மட்டும். அந்த ஒரு நிமிடத்தில் ஒருவரும் தங்களுக்குள் கதைக்கவில்லை. தனியே வைத்தபோது சனத்தைப் பிடிக்காத அதே சண்டை, தர்க்கத்துக்குப் பின்னால் வைத்ததும் பிடித்தது.

மேடைக்கு வெளியே என் அனுபவம் குறைவு. வானொலி நாடகத்தைக் கேட்டுத்தான் தெரியும். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ஆளுக்காள் மாறி மிதித்துக் கேட்ட நாடகங்களில் சண்டை என்றால் கதைதான், வேறு வழி இல்லை. கதைக்காவிட்டால் யார் யாரை அடித்தார் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. நடிகர் மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்று பேசுவதால் மூச்சும் அவருக்குக் கைவசம் இருக்கும், இளைப்பதை வேண்டிய இடத்தில் நடித்துக் காட்டலாம். சிறுகதையில் ஒரே ஒரு சண்டை எழுதியிருக்கிறேன். அதில் நீண்ட பேச்சை வைத்துப் பார்த்து வெட்டிவிட்டேன், மூன்று சிறு வரிதான் மிஞ்சியது. கதையில் எப்போதும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் எழுதியவன் இல்லை.

மேடைக்கு மட்டும் உறுதியாகச் சொல்வேன். பிற்பாட்டுக்கு நாலு பேர் கிடைத்தால் தர்க்கத்தை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கதைக்கவிடுங்கள். முதலில் பிற்பாட்டுக்காரரைப் பிடித்துவிட்டு, கொப்பியை அதற்குப் பிறகு திறக்கலாம்.